கிரீஸ் போட்ட கை

என் ஷெட்டில் வாசலைப் பார்த்த சுவரில் ஒரு சிவப்பு அட்டை தொங்குகிறது. உள்ளங்கை அகலம். மேலே ஓர் ஓட்டை, அதில் கோர்த்த மெல்லிய கம்பி. ஆலைகளில் பழுதான வால்விலும் நிறுத்தி வைத்த மோட்டாரிலும் மாட்டுவார்களே, அந்த அட்டைதான். 'தொடாதே' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து, கீழே பெயருக்கு ஒரு கோடு, காரணத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. காரணம் என்ற இடத்தில் நீல மையில் 'கிரீஸ்' என்று ஒரே ஒரு சொல். காலடிப்பேட்டையில் என் ஷெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து ஒரு தடவையாவது சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். பத்து வருடமாக நான் அதைக் கழற்றவில்லை, இனியும் கழற்றப் போவதில்லை.

அதை எழுதியவரை நான் சேஃப்டி மேடம் என்றுதான் கூப்பிடுவேன். எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார். ராயபுரத்துக்காரர், கிறிஸ்தவக் குடும்பம், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தேவாலயத்துக்குக் கட்டிய புடவையோடு, பன்னிரண்டு வயதான பெட்ரோல் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து என் ஷெட்டில் நிறுத்தினார். "ண்ணா, இந்த வண்டிக்கு நைட்ரஸ் போடணும். ஒழுங்கா போடத் தெரியுமா உனக்கு?" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். எனக்குச் சுருக்கென்றது. காசிமேட்டில் இருபது வருடம் விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டியவன் நான். நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினைப் படகு ஆடுகிற ஆட்டத்தில் உயிர்ப்பித்தவன். என்னைப் பார்த்து ஒழுங்கா என்று கேட்கிற தைரியம் அதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை.

நைட்ரஸ் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்க உபயோகிக்கிற அதே வாயுதான். அதை எஞ்சினுக்குள் விட்டால், அந்தச் சூட்டில் பிரிந்து கூடுதலாக ஆக்ஸிஜன் கொடுக்கும். அதோடு கூடுதல் பெட்ரோலும் போனால், சில விநாடிகளுக்கு அந்த எஞ்சின் தன் சக்திக்கு மீறி இழுக்கும். பெட்ரோல் குறைந்துபோனால் பிஸ்டன் உருகிவிடும். எத்தனையோ பேர் பெரிய பாட்டிலை வாங்கி மாட்டி, ஒரே அமுக்கில் எஞ்சினைக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட சமாச்சாரத்தைப் பாதுகாப்பு வேலை பார்க்கிற ஒரு பெண் ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

"என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிகினு கீறாங்கண்ணா" என்றார்.

ஆலையில் ஒரு தொட்டிக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டிய வேலை. உள்ளே இருக்கும் காற்றைச் சோதிக்காமலே இறக்கப் பார்த்திருக்கிறார்கள். மேடம் போய் ஏணியில் சிவப்பு அட்டையை மாட்டி வேலையை நிறுத்தினார். உற்பத்தி ஒரு நாள் நின்றுபோனது. அந்த வேலையை நடத்திய ஷிஃப்ட் இன்சார்ஜ் மேலிடத்தில் போய், இந்தம்மாவுக்கு எதைக் கண்டாலும் பயம், பயப்படுகிறவர்களை வைத்துக்கொண்டு ஆலை நடத்த முடியாது என்று சொன்னார். மேலிடமும் தலையாட்டியது. மேடத்தை முதலுதவிப் பெட்டிகளில் பஞ்சு இருக்கிறதா, மருந்து இருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். கேன்டீனில் அவர் தட்டோடு போனால், சூடான சாம்பார், பார்த்து மேடம் என்று கேலி. கல்லூரி நாளிலிருந்தே அவருக்குக் கார் ஓட்டப் போட்டிகளில் பிரியம். ஊருக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் நேர்கோட்டு ஓட்டம் நடக்கும். அதே கேன்டீனில் எழுந்து நின்று, அடுத்த ஓட்டத்தில் நைட்ரஸ் போட்டு ஓட்டுகிறேன், எல்லாரும் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஆலையில் அவருக்கு மிச்சமிருந்த மரியாதை முழுவதும் அந்த ஒரு ஓட்டத்தை நம்பி நின்றது. எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போனது.

ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. ஏழிலும் சண்டைதான். எஞ்சின் தாங்குகிற அளவுக்குச் சின்ன டோஸ் போதும் என்பார் அவர். இவ்வளவு பேர் பார்க்க வரும்போது இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே என்பேன் நான். "எவன் பாக்க வரான்றத வச்சி பிஸ்டன் தாங்காதுண்ணா" என்று முடித்துவிடுவார். ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தினால் மட்டும் வாயு திறக்க வேண்டும் என்று அங்கே ஒரு சுவிட்ச். எஞ்சின் வேகம் குறைவாக இருந்தால் திறக்காமல் தடுக்க இன்னொன்று. பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் தானாக மூடிக்கொள்ள மூன்றாவது. பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டோம், பிளக்குகளை மாற்றினோம். பாட்டிலை டிக்கியில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கினோம். அழுத்தம் மிஞ்சினால் வாயு காருக்குள் வராமல் நேராக வெளியே போக ஒரு குழாய். அதை நான் வேண்டாம் என்றேன், டிக்கியில் ஓட்டை போட மனம் வரவில்லை. அவரே டிரில்லை எடுத்துப் போட்டார். பாட்டில் சில்லென்று இருந்தால் அழுத்தம் வராது என்று தெரிந்ததும், வீட்டில் கேஸ் தீர்கிற நேரத்தில் செய்கிற மாதிரி ஒரு வாளி வெந்நீரில் உட்கார வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னேன். மேடம் "இன்னாண்ணா நீ, தோசை சுடவா போறோம்?" என்று கேட்டுவிட்டு, அதற்கென்றே இருக்கிற சூட்டுறையை வரவழைத்தார், சூடு மிஞ்சினால் தானே அணைகிற வகை.

அவருடைய இன்னொரு சட்டம், சாலையில் ஓட்டும்போது பாட்டில் வண்டியில் இருக்கவே கூடாது என்பது. போட்டி நடக்கும் இடத்துக்கு அதைத் தனியாக எடுத்துப் போய், அங்கே வைத்து மாட்ட வேண்டும். அந்தச் சட்டம்தான் என்னை மாட்டிவிட்டது. போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் எல்லாவற்றையும் கட்டி வைத்துக்கொண்டிருந்தேன். பாட்டில் வாயிலும் குழாய் முனையிலும் இருக்கிற மரையைப் பார்த்தேன். புது உலோகம், பளபளவென்று. எங்கள் பக்கம் கடற்காற்றில் எதையும் அப்படி வெறுமனே விட்டு வைக்க மாட்டோம். ஒரு வாரத்தில் உப்புப் பூத்து, ஒரு மாதத்தில் இறுகி, அப்புறம் சுத்தியல் போட்டால்தான் அசையும். படகில் போல்ட் மாட்டுகிறவன் கிரீஸ் தொடாமல் மாட்டினால் அவனை மெக்கானிக் என்றே சொல்ல மாட்டார்கள். கை தானாக டப்பாவுக்குப் போனது. இரண்டு மரையிலும் நன்றாகத் தடவினேன். சரியாக உட்காருகிறதா என்று ஒரு தடவை இணைத்து, வால்வைத் திறந்து அழுத்தமும் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தேன். இவ்வளவு பொறுப்பாக இருக்கிறோமே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் ஓடுதளத்தில் நல்ல கூட்டம். ஆலையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள், ஷிஃப்ட் இன்சார்ஜ் முன் சீட்டில். மேடம் நீலக் கவச உடுப்பைப் போட்டுக்கொண்டு டிக்கிப் பக்கம் வந்தார். மாட்டுவதற்கு முன் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மரையைத் துடைத்தார். கைக்குட்டை கறுப்பாக வந்தது. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு குழாய் முனைக்குள் குட்டையின் நுனியைத் திருகி விட்டு எடுத்தார். அதுவும் கறுப்பு. டாஷ்போர்டைத் திறந்து, ஒரு சிவப்பு அட்டையை எடுத்து எழுதி, தன் காரின் ஸ்டியரிங்கில் தானே மாட்டினார்.

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. வேன் ஆட்கள் சூழ்ந்துகொண்டபோது அவர் சொன்னதில்தான் விளங்கியது. ஆக்ஸிஜனைத் தருகிற எந்த வாயுவும் அந்த அழுத்தத்தில் எண்ணெயையோ கிரீஸையோ தொட்டால் பற்றிக்கொள்ளலாம், நெருப்பே வேண்டாம். நேற்று நான் அழுத்தம் பார்த்தபோது பற்றாமல் போனது என் அதிர்ஷ்டம்.

"இன்னா மேடம், கடைசி நேரத்துல பயந்துட்டீங்களா?" என்றார் ஷிஃப்ட் இன்சார்ஜ். "தொடச்சிட்டு ஓட்ட வேண்டியதுதான?"

"உள்ள எவ்ளோ போய்க்கீதுன்னு துணிக்குத் தெரியாது சார்."

"அப்ப கேஸ் இல்லாம ஓட்டுங்க. வந்ததுக்கு எதுனா பாப்போம்."

"கேஸோட ஓட்டறேன்னு சொன்னேன். ஒழுங்கா ஓட்டறேன்னுதான் சொன்னேன். இன்னிக்கு ஒழுங்கா இல்ல. ஓட்ட மாட்டேன்."

யார் செய்த வேலை இது என்று ஒருவர் கேட்டார். நான் மூன்றடி தள்ளி, கையில் ஸ்பேனரோடு நின்றேன். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. "கார் என்னுது. தப்பும் என்னுது" என்றார். அவர்கள் சிரித்தார்கள். வேன் கிளம்புகிறவரை சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இருபது வருட மெக்கானிக், இத்தனை பேர் நடுவில் ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நாட்கள் சில உண்டு, அவற்றில் இதற்குத்தான் முதலிடம்.

திரும்பி வரும்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றோம். அங்கேதான் அவர் கேட்டார். "கிரீஸ் நீதான?"

"ஆமா மேடம். உப்புக்காத்துக்குன்னு..."

"தெரியும். மரைய பாத்ததுமே தெரியும். நானும் இதே கடக்கரைதான், எங்க அப்பா கதவுத் தாப்பாளுக்கே கிரீஸ் போடுவாரு."

"அங்கயே ஏன் சொல்லல?"

"சொல்லிருக்கலாம். உன்னைப் பாத்து சிரிச்சிருப்பானுங்க. அடுத்த தபா எதுனா தப்பு பண்ணா என்னாண்ட மறைச்சிருப்ப. அந்தத் தொட்டியில ஆள இறக்கப் பாத்தவனும் பயத்துலதாண்ணா மறைச்சான், டெஸ்ட் எடுக்கலன்றத. நான் பயப்படலண்ணா. நான் பாத்துகினு கீறேன், அவ்ளோதான்."

லாரி நகர்ந்தது, அவர் கியரைப் போட்டார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவேயில்லை. அந்தப் பேசாமைதான் என்னை உறங்க விடவில்லை. மறுநாள் காலையில் எல்லாக் குழாய்களையும் கழற்றி, கழுவ வேண்டியவற்றை அதற்கான திரவத்தில் கழுவி, சந்தேகமானவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். பாட்டிலை அதை நிரப்புகிறவர்களிடமே கொடுத்து வால்வைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன், ஏன் என்று கேட்டதற்கு நான்தான் கிரீஸ் போட்டேன் என்று சொன்னேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு புரளவில்லை. இரண்டாவது தடவை சுலபமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து நடந்த ஓட்டத்துக்கு வேன் வரவில்லை. மேடமும் நானும் மட்டும். வெள்ளைக் கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது. அவர் தொடக்கக் கோட்டில் நின்றார், விளக்கு மாறியது, பாதி தூரத்தில் அந்தக் கிழட்டுக் காரின் சத்தமே மாறிப்போய், யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி எகிறிப் போனது. அவருடைய பழைய நேரத்தையெல்லாம் தாண்டிவிட்டார். திரும்பி வந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோது அழுதுகொண்டே சிரித்தார். ஆலையில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பஞ்சு எண்ணுகிற வேலையும் மாறவில்லை. ஒரு வருடம் அப்படியே எண்ணினார், ராஜினாமா செய் என்று ஜாடையாகச் சொன்னதற்கெல்லாம் அசைந்து கொடுக்கவில்லை. பிறகு வேறு மாநிலத்தில் ஒரு துறைமுகத்தில் நல்ல வேலை கிடைத்து, தன் இஷ்டத்துக்குப் போனார். கிளம்புகிற அன்று அந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெயர் என்ற கோட்டில் அவர் பெயர் இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பேனாவால் 'கிரீஸ் போட்டது நான்' என்று எழுதி, கீழே என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு ஆணியில் மாட்டினேன். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்றுதான் வாசலைப் பார்த்த சுவரில் மாட்டினேன்.

போன மாதம் அண்ணா நகரிலிருந்து ஒருவன் வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, புதுக் கார், வேறெங்கோ நைட்ரஸ் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். சனிக்கிழமை ஓட்டம், சும்மா ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள் என்றான். வெள்ளைத் துணியால் மரையைத் துடைத்தேன். கறுப்பு. யார் போட்டது என்று கேட்டேன். தெரியாது, மாட்டினவர்கள்தான் போட்டிருப்பார்கள் என்றான். சரி, ஆனால் சனிக்கிழமைக்கு ஆகாது என்றேன். கோபித்துக்கொண்டான், வேறு ஷெட் இல்லையா என்றான். இருக்கிறது, தாராளமாகப் போ என்றேன். அப்போதுதான் அவன் கண் சுவருக்குப் போனது. எல்லாரையும் போல அந்த ஒற்றைச் சொல்லைப் படித்துவிட்டுச் சிரிக்கப் போனான். காற்றில் அட்டை திரும்பியது. கையால் பிடித்துப் பின்பக்கத்தைப் படித்தான்.

"ண்ணா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "இதுவும் நான்தான் போட்டேன். டைட்டா இருந்துச்சுன்னு."

மேசையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தேன். காரணத்தை நான் எழுதினேன். பெயர் என்ற கோட்டைக் காட்டிப் பேனாவை அவனிடம் கொடுத்தேன். அவனே எழுதி, அவன் கையாலேயே ஸ்டியரிங்கில் மாட்டினான்.