ஏழு தளபதிகளும் இரண்டு அடிமைகளும்

ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு வரலாற்றுப் புத்தகத்தைப் படித்தபோதே நாடகம் மனதில் ஓடத் தொடங்கிவிட்டது. டெக்சாஸ். மெக்சிகோவின் எல்லைப் பகுதியில் குடியேறிய அமெரிக்கப் பருத்தித் தோட்டக்காரர்கள் துப்பாக்கி தூக்கித் தனிநாடு கேட்ட கதை. ஒரே மூச்சில் படித்தேன். அடுத்த பக்கத்தில்தான் கதையின் மறுபாதி இருந்தது. மெக்சிகோ அடிமை முறையை ஒழித்திருந்தது. இவர்களோ அடிமைகளை விடமாட்டோம் என்றார்கள். வென்றதும் அதைச் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். காடு வெட்டி, பருத்தி நட்டு, அந்தப் புது நாட்டை எழுப்பியதில் பாதி அந்த அடிமைகளின் முதுகு.

இதைவிட நல்ல நாடகம் எங்கே கிடைக்கும்! சனிக்கிழமைகளில் நான் படிப்பித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழாவுக்கு எழுதிவிட்டேன். இரண்டு தளபதிகள், மெக்சிகோ வீரர்கள், கடைசியில் மேடைக்கு வந்து "உங்கள் விடுதலையில் எங்கள் பங்கு எங்கே?" என்று கேட்கும் இரண்டு அடிமைகள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் முழு நாடகமும்.

முதல் ஒத்திகையிலேயே பெற்றோர் சூழ்ந்துகொண்டார்கள்.

"ரீச்சர், என்ர மகன் கராத்தே பழகிறவன். தளபதிக்கு அவன்தான் சரி."

"அப்ப என்ர மகன் என்ன, குதிரையோ?"

சிரித்துச் சிரித்தே தளபதிகள் ஏழு பேராகிவிட்டார்கள். சுடப்பட்டு விழ ஒரு மெக்சிகோக்காரன்கூட மிஞ்சவில்லை. அடிமை வேடத்துக்கு ஒருவரும் பிள்ளை தரவில்லை.

பள்ளிக்கூடத் தலைவர் தேநீர்க் கோப்பையோடு வந்தார்.

"ஏன் தங்கச்சி மண்டையை உடைக்கிறீர்? பின் வரிசை வாங்கில அக்காவும் தங்கச்சியும் இருக்கினமெல்லே, அவையைப் போடும்."

"நல்லா நடிப்பினம் எண்டோ, அண்ணை?"

"சீ, அதுக்கில்லை. அவையின்ர தேப்பன் ஒண்டும் கதைக்காது. ஊரில அவை ஆர் எண்டு எங்களுக்குத் தெரியும்தானே."

இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். ஊரைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். வீட்டை விட்டு, காணியை விட்டு, கையில் ஒன்றுமில்லாமல் அகதிகளாக வந்து இறங்கியவர்கள் நாங்கள். இதை மட்டும் எந்தப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தோம்? சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஒருவர் முகமும் மாறவில்லை. ஒரு அம்மா "அதுவும் சரிதான்" என்றபடி மகனின் அட்டைத் தொப்பியை நிமிர்த்திவிட்டார்.

வாசலில் அந்தச் சகோதரிகளில் மூத்தவள் மறித்தாள். "ரீச்சர், நான் தளபதியா வரலாமோ?"

"இன்னும் முடிவாகேல்லை, அம்மா" என்றேன். தலைவருக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

திரும்பும் ரயிலிலேயே ஐந்து தளபதிகளை வெட்டி எறிந்தேன். வேடங்களைத் துண்டுத் தாள்களில் எழுதினேன். அடுத்த சனிக்கிழமை பெற்றோர் எல்லோர் முன்னும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்குவது. கைக்கு வந்ததுதான் வேடம். தலைவரின் மகனும் அங்கேதான் படித்தான்; முதல் துண்டை அவனே எடுக்கட்டும். கோபித்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். மிஞ்சுகிறவர்களை வைத்து மேடையேற்றுவோம். ஒருவருமே மிஞ்சாவிட்டால், அக்காவும் தங்கச்சியும் தளபதிகள். அந்தக் கேள்வியை நான் கேட்பேன்.