கதவுக்குள் போன எலுமிச்சம்பழம்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. கரண்டி, தோசைத் திருப்பி, கத்திரிக்கோல் என்று ஒவ்வொன்றின் உருவத்தையும் அதில் வரைந்து, மேலே ஆணி அடித்து வைத்திருந்தாள் அம்மா. எது காணாமல் போனாலும் வெறும் கோடு மட்டும் நின்று காட்டிக்கொடுத்துவிடும். பொருள் கிடைக்கும்வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது. ஒருமுறை தோசைத் திருப்பியைத் தேடிப் பட்டினி கிடந்தோம். அப்பா அதில் முதுகு சொறிந்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போட்டிருந்தார். அன்று அப்பா தலையே நிமிராமல் சாப்பிட்டார்.

இதெல்லாம் அம்மா வேலை பார்க்கிற இடத்துப் பழக்கம். ஒரகடம் பக்கத்தில் விமானக் கதவுகள் செய்கிற தொழிற்சாலை. கதவுக்குள் ஒரு சின்னத் திருகாணி தவறிக் கிடந்தால்கூட ஆகாயத்தில் அது என்ன வேலை காட்டுமோ, யாருக்குத் தெரியும்? அதனால் ஷிப்ட் முடிந்ததும் எல்லாக் கருவிகளும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தால்தான் லைனை விட்டு ஆள் நகர முடியும். வளையல், ஹேர்பின், ஸ்டிக்கர் பொட்டு எதுவும் உள்ளே போகக் கூடாது. அம்மா அப்போது கான்ட்ராக்டில் இருந்தாள். தீபாவளிக்குப் பிறகு சிலரைப் பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று பேச்சு. பிரிட்ஜ் வாங்குவதும், என்னை வேறு பள்ளியில் சேர்ப்பதும் அந்தப் பர்மனென்ட்டுக்காகத்தான் காத்துக் கிடந்தன.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா மறைமலை நகரில் தன் கம்பெனி பூஜைக்குப் போய்விட்டதால், அவருக்குப் பதிலாக மாமா வந்தார். மாமா அம்மாவின் தம்பி. குன்றத்தூரிலிருந்து கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர். அந்த வேனில் ஹாரன் வேலை செய்யாமல் இருந்திருக்கிறது, ஆனால் முன்னால் எலுமிச்சம்பழம் தொங்காமல் இருந்ததில்லை.

பூஜையைக் கேன்டீன் பக்கத்தில், சரக்குத் தூக்கும் வண்டிகளுக்குத்தான் செய்தார்கள். கதவுகள் இருந்த கூடத்துக்குள் சந்தனம், குங்குமம், பூ எதற்கும் அனுமதியில்லை. மாமாவுக்கு அது பொறுக்கவில்லை.

"பொட்டி தூக்குற வண்டிக்கு இம்மாம் பெரிய மாலை. ஆகாசத்துல போறதுக்கு ஒரு பொட்டு கூட இல்லியா? இன்னா பாப்பா நியாயம் இது?" என்று என்னிடம் கேட்டார். மூன்றாம் வகுப்பு படித்த எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது.

பிறகு கூடத்தைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போனார்கள். வாசலில் நீல அங்கியும் தொப்பியும் கொடுத்து, பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் தட்டில் வைக்கச் சொன்னார்கள். மாமா சட்டைப் பாக்கெட்டிலிருந்த செல்போன், சாவி, சீப்பு எல்லாவற்றையும் வைத்தார். வேறு பாக்கெட்டில் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றார். சத்தியமான வார்த்தை. பட்டு வேட்டியில் ஏது பாக்கெட்? பூஜையில் வைத்து எடுத்த எலுமிச்சம்பழம் அவர் இடுப்பு மடியில் பத்திரமாக இருந்தது. விதிகளை எழுதியவர்கள் பேன்ட் போட்டவர்களை மட்டுமே நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

உள்ளே ஒரு ரோபோ கை ஆள் துணையில்லாமல் வரிசையாகத் துளை போட்டது. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்த்தோம். மாமா மட்டும் கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து பொரியும் கடலையும் தின்னும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அக்கா, உன் கதவு இனிமே ஆகாசத்துல தொறக்கவே தொறக்காது. நான் கேரன்டி."

"இன்னாடா சொல்ற?"

"பழத்த உள்ள போட்டுட்டேன்ல. ஒரு ஓட்ட இருந்துச்சு."

அம்மா பொரித் தட்டைக் கீழே வைத்தாள். "எந்தக் கதவுடா?"

"எனக்கு இன்னா தெரியும்? எல்லாம் ஒண்ணு போலவே கீது."

"டேய், உள்ள தாழ்ப்பாக் கம்பி ஓடுதுடா! பழம் காஞ்சு கல்லாயி அதுல மாட்டிக்கினா, ஆபத்துல ஜனம் எறங்குறதுக்குக் கதவு தொறக்காதுடா!"

"அதத்தானே நானும் சொல்றேன். தொறக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் மாமாவின் முகம் மாறியது. கதவுகள் அன்று சாயங்காலமே பெட்டியில் அடைபட்டுத் துறைமுகத்துக்குக் கிளம்ப இருந்தன. மாமா குரலைத் தாழ்த்தி, "வுடுக்கா. யார் பாத்தாங்க? பர்மனென்ட் ஆவுற நேரத்துல நீயே போயி வாயக் குடுக்காத," என்றார்.

அம்மா போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நானும் போனேன். எண்களை அழுத்தினாள், கட் செய்தாள். திரும்பவும் அழுத்தினாள், கட் செய்தாள்.

"மாடிக்குப் போம்மா, அங்கதான் டவர் கெடைக்கும்," என்றேன்.

அவள் நின்ற இடத்திலேயே மறுபடி அழுத்தி, இந்த முறை பேசினாள். "சார், என் தம்பி ஒரு எலுமிச்சம்பழத்தக் கதவுக்குள்ள போட்டுட்டான் சார்." உடனே வரச் சொன்னார்கள்.

வேனிலேயே போனோம். தொழிற்சாலை வாசலுக்கு முன்னால் மாமா வண்டியை நிறுத்தி, முன்னால் தொங்கிய பழத்தையும் மிளகாயையும் அறுத்துக் கால்வாயில் எறிந்தார். எங்கள் மூவரையும் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். இந்த முறை மாமாவின் மடியையும் உதறிக்காட்டச் சொன்னார்கள்.

பெட்டி அடைப்பது நின்றுபோயிருந்தது. ஏற்கெனவே அடைத்த பெட்டிகளையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாம்பு போல வளையும் ஒரு குழாய், அதன் நுனியில் பட்டாணி அளவு கேமரா. ஒவ்வொரு கதவின் ஓட்டையிலும் அதை விட்டுப் பார்த்தார்கள். திரையில் ஒரே இருட்டு, கம்பி, மறுபடி இருட்டு. நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது திரை முழுக்க மஞ்சளாக வந்து நின்றது எங்கள் எலுமிச்சம்பழம். வைத்த குங்குமம் கலையாமல் இருந்தது. மாமாவின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மேனேஜர் அம்மா பக்கம் திரும்பினார். முட்டி போடச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். எங்கள் பள்ளியில் அதுதான் வழக்கம். அவரோ, "நீங்க சொல்லலன்னா இது போயிருக்கும்மா," என்று கைதட்ட ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்களும் தட்டினார்கள். பழம் கிடைத்ததற்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் தட்டினேன். மாமா எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

திரும்பி வரும்போது வேனில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "பழந்தான் கெடச்சிடுச்சேம்மா," என்று தேற்றினேன். அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அம்மா பர்மனென்ட் ஆனாள். அது அந்தப் பழத்தின் மகிமை என்று மாமா இன்றும் அடித்துச் சொல்கிறார்.

இப்போது நான் கல்லூரியில் படிக்கிறேன். சென்ற மாதம் அம்மாவைக் கூப்பிட்டுவரப் போனபோது, தொழிற்சாலை வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படித்தேன். தவறை மறைக்காமல் சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்று எழுதியிருந்தது. அப்போதும் இது இருந்ததா என்று அம்மாவைக் கேட்டேன்.

"இருந்துச்சு. ஆனா அத நம்பி யாரும் போன் பண்ணி நான் பாத்ததில்ல," என்றாள்.

அன்று அம்மா அழுத்தி அழுத்திக் கட் செய்தபோதும் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் டவர் நன்றாகத்தான் கிடைத்திருக்கிறது.