காயாத சடை

எனக்கு எட்டு வயது நடந்தபோது என் தலையைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் குடியிருந்த பெண்கள் அதைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் "சாமியாரு, சாமியாரு" என்று பின்னாலேயே வந்தார்கள். கணக்குத் தப்பினால் எல்லாப் பிள்ளைகளின் தலையிலும் குட்டுகிற வாத்தியார், என் முறை வந்ததும் ஓங்கிய கையை இறக்கி, காதைத் திருகுவதோடு நிறுத்திக்கொள்வார். அப்பாவுக்கு அது ஒரு புதர். அம்மாவுக்கு மட்டும்தான் அது வேலை.

இரண்டு வயதில் எனக்கு அம்மை போட்டதாம். அம்மை கண்ட பிள்ளைக்குத் தலை சீவக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. அப்பாவைப் போல எனக்கும் அடர்ந்த சுருட்டை முடி. அம்மை இறங்கித் தலைக்கு ஊற்றிய அன்று பார்த்தால், முடி திரிதிரியாக இறுகிச் சடை விழுந்திருந்தது. சீப்பைப் போட்டு இழுத்ததில் சீப்பின் பல்தான் உடைந்து கையோடு வந்தது. ஆத்தா பிள்ளையை விட்டுவிட்டு முடியை எடுத்துக்கொண்டாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மா அன்றைக்கே நேர்ந்துகொண்டாள். ஊருக்குப் போய்க் குலதெய்வத்தின் வாசலில்தான் இந்த முடியை இறக்குவது. அதுவரை சீப்பும் கத்தியும் படாது.

ஊர் என்பது கடலுக்கு அப்பால், திருச்சிப் பக்கம் எங்கேயோ இருந்தது. அம்மா அதைப் பார்த்ததில்லை. அவளும் என்னைப் போல இந்த மலையில் பிறந்தவள்தான். இங்கிருந்து கடல் தாண்டிப் போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று பெரியவர்கள் அந்த நாட்களில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்கும் என் தலைக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்குத் தோன்றியதில்லை.

சடையைப் பேசாமல் விட்டால் அது பாட்டுக்கு வளரும் என்று நினைப்பவர்கள் சடை வளர்த்தவர்களாக இருக்கமாட்டார்கள். விட்டால் ஒரு திரி பக்கத்துத் திரியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது பிடரியில் பாறை மாதிரி இறுகும். எண்ணெய் கூடினால் தூசி அப்பும். குறைந்தால் வேர் இழுத்துக்கொண்டு வலிக்கும். அம்மா விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, என்னையும் எழுப்பி முழங்கால்களுக்கு நடுவே உட்காரவைத்துக்கொள்வாள். ஒரு கை கல்லில் கிடக்கும் ரொட்டியைத் திருப்பும். மற்றக் கை என் தலையில் இருக்கும். விரலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு திரியாக அடியில் பிரித்து, உள்ளங்கையில் வைத்து உருட்டிவிடுவாள். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் பதிகிற பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டதும், முடிந்ததோ முடியவில்லையோ, கோதுமை மா சாக்கில் தைத்த துணியால் தலையைக் கட்டிவிட்டுக் கூடையோடு ஓடுவாள். நான் பாதித் தூக்கத்தில் அவள் தொடையில் சாய்ந்தே கிடப்பேன். எழுப்புகிறாளே என்று தினமும் சிணுங்குவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில், மலைத்தண்ணீர் குழாயாக விழுகிற பீலிக்கரையில் குளியல். செம்பரத்தை இலையைக் கசக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து அலசிவிட்டு, அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி உட்காரவைப்பாள். எங்கள் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே, மழை என்றால் மாதக்கணக்கில் விடாத பக்கம். வெளியே எதுவும் காயாது. அடுப்புப் புகையில்தான் என் தலையும் விறகும் சேர்ந்து காய்ந்தன.

அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை. வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிற வேலை அது. மத்தியானத்தோடு கணக்கு முடிந்து வீடு வந்துவிடுவார். வந்து உட்கார்ந்து என் தலையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கை அரிக்கும்.

"ஏ புள்ள, இந்தப் பொதரு ஒரு வெட்டுக்குத் தாங்காது. சரின்னு ஒரு வார்த்த சொல்லு."

"செடின்னா மறுபடி தளுக்கும். ஆத்தா கோவிச்சுக்கிட்டா எது தளுக்கும்?" என்பாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த வருடம் கொழுந்து பொங்கிக்கொண்டு வந்தது. பெண்களை ஞாயிற்றுக்கிழமையும் மலைக்கு இறக்கினார்கள். அம்மா இருட்டில் போய் இருட்டில் வந்தாள். கறை ஏறிய விரல்கள் வெடித்திருந்தன. அந்த விரலைத் தண்ணீரில் நனைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். காலைப் பிரிப்பு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆனது. அப்புறம் அதுவும் இல்லை. பிறகு மழையும் பிடித்துக்கொண்டது.

ஒரு காலையில் அம்மா துணியை அவிழ்த்தாள். பின்பக்கத்துத் திரிகள் நாலைந்து ஒன்றாகிப் பூஞ்சணம் பிடித்து நாற்றம் அடித்தன. அவள் பிரிக்கப் பார்த்தாள். நான் கத்தினேன். கல்லில் ரொட்டி கருகியது. வெளியே தப்புச் சத்தம் கேட்டது. அம்மா என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அழுதது கொஞ்ச நேரம்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூலையில் கம்பளிக்குள் படுத்திருந்த அப்பா கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"வா தாயி, இப்புடி ஒக்காரு" என்றார் அப்பா.

முதல் நாள் உடுப்புத் துவைக்கிற சவுக்காரத்தைப் போட்டுத் தேய்த்துவிட்டார். சவுக்காரம் திரிக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் நான் நரைத்த கிழவி மாதிரி பள்ளிக்கூடம் போனேன். அம்மா சிரிக்கவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "செம்பரத்த எலைய வெந்நியில ஊறப்போட்டுத்தான் கசக்கணும்" என்று பொதுவாகச் சொன்னாள். அப்பாவும் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அடியிலேருந்து பிரிக்கிறதா, நுனியிலேருந்தா?" என்று கேட்டார். "அடியிலேருந்து" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அப்பாவின் கை படிந்துவிட்டது. கத்தி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கை அவ்வளவு மெதுவாக அசையும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். என் தலையை அவர் தோட்டமாகவே ஆக்கிக்கொண்டார். உச்சிப் பக்கம் மேமலை, பிடரி பணிய மலை, காதோரம் ஆத்தோர மலை. "இன்னைக்கு மேமலை முடிஞ்சிருச்சு தாயி. நாளைக்கிப் பணிய மலையில எறங்குவோம்" என்பார். ஒட்டிப்போன திரிகளைப் பிரிக்க ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. எனக்கு வலித்தபோதெல்லாம் அவரும் "ஸ்ஸ்" என்றார். வெட்டுகிற பேச்சை அவர் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

ஆனால் மழைக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுப்படியில் எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் திரியின் நடுப்பகுதி ஈரமாகவே இருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சித்தப்பாவுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடம். சாக்குத் துணி கட்டிய தட்டுகள் வரிசை வரிசையாக இருக்கும். கொழுந்தை அதில் பரப்பிவிட்டால், கீழேயிருந்து வருகிற சூட்டுக்காற்று வாட்டிவிடும்.

"எம்புட்டுக் கொழுந்து வாடுது. இந்த ஒரு தல வாடாதா?" என்று கேட்டார் அப்பா.

"அண்ணே, தொரை கண்டா ரெண்டு பேத்துக்கும் பத்துச்சீட்டுத்தான்" என்றார் சித்தப்பா. பத்துச்சீட்டு என்றால் வேலை போனது, லயத்து வீடும் போனது என்று எனக்கே தெரியும். ஆனால் சித்தப்பா அண்ணன் சொல்லைத் தட்டாதவர்.

மறுநாள் பின்னேரம் என்னைக் கம்பளிக்குள் மறைத்துப் பின்படியால் மேலே கொண்டுபோனார்கள். கோடியில் காலியாகக் கிடந்த ஒரு தட்டில் என்னைப் படுக்கவைத்து, சடைகளை ஒவ்வொன்றாகப் பரப்பிவிட்டார் அப்பா. அப்படி ஒரு சுகத்தை நான் அதுவரை கண்டதில்லை. வெதுவெதுவென்று காற்று. வாடுகிற பச்சையின் வாசம். கீழே இயந்திரத்தின் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்தது. அப்பா படியைக் காவல் காக்கப் போனார். நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். தூக்கத்தில் புரண்டு பக்கத்துத் தட்டுக்கே போய்விட்டேன் போலிருக்கிறது.

ஒரு பெரிய சத்தம் கேட்டு விழித்தேன். தோட்டத்தை நடத்துகிற துரை நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போதும் வருகிற படியால் வராமல், அன்றைக்கென்று கீழேயிருந்து உள்படியால் ஏறி வந்திருந்தார். கொழுந்துக்கு நடுவே கறுப்பாகத் திரிதிரியாக ஏதோ கிடப்பதைக் கண்டு கைத்தடியால் தட்டியிருக்கிறார். அது எழுந்து உட்கார்ந்ததும் அவர் பின்வாங்கி ஒரு தூணில் இடித்துக்கொண்டார். அப்பா ஓடிவந்து கைகட்டி நின்றார். சித்தப்பா எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். என் சடை முழுக்கக் கொழுந்து. நான் தலையை ஆட்டினேன். கொழுந்து பொலபொலவென்று துரை காலில் போட்டிருந்த சப்பாத்தில் விழுந்தது.

மறுநாள் காலைப் பெரட்டில் என்னையும் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்கள். மழைத் தூறல். ஆட்கள் வரிசையாக நின்றார்கள். துரை இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். பேசி முடித்ததும் கணக்கப்பிள்ளை தமிழில் சுருக்கமாகச் சொன்னார்:

"ஒனக்கும் ஒன் தம்பிக்கும் இன்னைக்குப் பேர் இல்ல, கூலியும் இல்ல. நாளைக் காலையில பெரட்டுக்கு வரும்போது இந்தப் புள்ள தலையில முடி இருக்கப்படாது. இருந்துச்சு, குடும்பத்தோட வெளிய போகணும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சரி என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் பெண்கள் வரிசையிலிருந்து அம்மா கூடையோடு முன்னால் வந்தாள். பெரட்டில் ஒரு கொழுந்தெடுக்கிற பெண் துரையிடம் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஐயா, தொரைக்கிட்டச் சொல்லுங்க. புள்ள பேக்டரிக்குப் போனது தப்புத்தான். ஆனா அந்த முடி எங்களுது இல்லீங்க. நேந்துவிட்டது. இங்க அம்மன் கோயில் திருவிழா வருது. அன்னைக்கு எறக்கிடுறோம். அதுக்குள்ள கத்தி வச்சா என் வாக்குப் போயிரும்."

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். ஊருக்குப் போய்த்தான் இறக்குவேன் என்று ஆறு வருடமாகச் சொன்னவள் அவள். கணக்கப்பிள்ளை மொழிபெயர்த்தார். இந்தத் தடவை அவர் பேசியது அம்மா பேசியதைவிட நீளமாக இருந்தது. என்னவெல்லாம் சேர்த்துக்கொண்டாரோ, துரை என்னை ஒரு முறை பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

"சரியாம்" என்றார் கணக்கப்பிள்ளை.

திருவிழாவுக்கு முன்னான அந்த நாட்களில் என் தலை கண்ட சீரை எந்த ராசாத்தியின் தலையும் கண்டிருக்காது. காலையில் அம்மா, மத்தியானத்துக்கு மேல் அப்பா. விரல் வெடிப்பில் எண்ணெயைத் தடவிக்கொண்டு அம்மா ஒரு நாளும் விடாமல் பிரித்தாள். அவள் காலையில் பிரித்ததையே அப்பா மறுபடி பிரித்தார். "இந்தப் பணிய மலைய யாரு இப்புடி உருட்டுனது?" என்று குறை சொன்னார். "நாங்கதான். ஆறு வருசமா நாங்கதான்" என்றாள் அம்மா. எனக்குச் சலிப்பாக இருந்தது. விளையாடப் போகவிடாமல் இரண்டு பேரும் பிடித்துவைக்கிறார்களே என்று கோபம்கூட வந்தது. எப்படியும் வெட்டப்போகிற முடிக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று அம்மாவிடம் கேட்டேன். "பேசாம இரு. தலைய ஆட்டாத" என்றாள்.

திருவிழா அன்று மழை விட்டிருந்தது. கோயில் பக்கத்து ஓடைக்கரையில் மணையில் என்னை உட்காரவைத்தார்கள். சித்தப்பா பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொண்டார். முதல் திரியை வெட்டுமுன் பூசாரி, "யாராச்சும் புள்ளைய ஒரு தடவ தொட்டுக்கிறீங்களா?" என்று கேட்டார். அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். திரிகள் ஒவ்வொன்றாக மஞ்சள் துணியில் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் என் கழுத்து ஒரு பிடி உயர்ந்த மாதிரி இருந்தது. மழித்துச் சந்தனம் பூசியதும் நான் எழுந்து கோயிலைச் சுற்றி ஓடினேன். என் தலையா இது என்று தடவித் தடவிப் பார்த்தேன். பையன்களிடம் போய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

திரும்பி வருகிற வழியில்தான் சண்டை தொடங்கியது. அப்பா நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

"இனிமே நீ கொஞ்ச நேரம் தூங்கலாம், புள்ள. விடியுமுன்ன எந்திரிக்க வேணாம்."

"எனக்கு எந்திரிக்கிற நேரம் யாரும் சொல்ல வேணாம்" என்றாள் அம்மா.

"நான் என்ன சொல்லிப்புட்டேன் இப்ப?"

"ஒண்ணும் சொல்லல. நீங்க மத்தியானத்துல நல்லாப் படுத்துத் தூங்குங்க."

"எனக்கு ஏன் தூக்கம்? எனக்கு வேல இல்லையா?"

அப்புறம் குடையைக் கோயிலில் மறந்துவிட்டு வந்தது யார் என்று சண்டை. குறுக்குப் பாதையில் வந்தது யார் பேச்சைக் கேட்டு என்று சண்டை. என் அம்மாவும் அப்பாவும் அப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சித்தப்பா பத்தடி தள்ளியே பின்னால் வந்தார். திடீரென்று இரண்டு பேருமே என்னைத் திரும்பிப் பார்த்து, தலையில் பனி படுகிறதே என்று கத்தினார்கள். அப்பா தன் தலைப்பாகையை அவிழ்த்து என் தலையில் சுற்றினார். அது போதாதென்று அம்மா தன் கம்பளியை அதன்மேல் போர்த்தினாள்.

துரை விட்டுவிட்டார், வேலை தங்கிவிட்டது, வீடு தங்கிவிட்டது, ஆத்தாவின் கடனும் தீர்ந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்த நாளில் இவர்களுக்கு அப்படி என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை. கோயிலில் சரியாகச் சாப்பிடாததால் வந்த கோபமாக இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். கம்பளியையும் தலைப்பாகையையும் கழற்றிச் சித்தப்பாவின் கையில் திணித்தேன். மொட்டைத் தலையில் காற்று சில்லென்று பட்டது. பின்னால் இரண்டு பேரும் ஒரே குரலில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் இறக்கத்தில் ஓடினேன்.