ஒச்சம்மாவின் கழுத்தருகே கத்திய கருவி

தீவில், கராச்சர்மா ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிய ஒரே பெண் ஒச்சம்மா. கணவன் இறந்தபின் அவனுடைய வண்டியை விற்க மனமில்லாமல் தானே ஓட்டப் பழகியவள். கழுத்தில் கட்டி வந்தபோது அக்கம்பக்கத்தில் மூச்சுவிடவில்லை. தம்பி வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குக் கப்பலேறினாள். தைராய்டில் புற்றுநோய். அறுத்தெடுத்துவிட்டு, கதிரியக்க மருந்து கொடுத்துத் தனி அறையில் வைத்திருந்தார்கள்.

"ஒரு மாசம் யாருகிட்டயும் நெருங்காதீங்க. அப்புறம் வழக்கம்போல இருக்கலாம்" என்றார் டாக்டர். அவள் இரண்டு மாதம் கழித்தே வண்டியை எடுத்தாள். தழும்பு தெரியாதபடி காக்கிச் சட்டையின் மேல் பட்டனையும் போட்டுக்கொண்டாள்.

அன்று பக்கத்து வீட்டு ருக்கு தன் கர்ப்பிணி மகள் திவ்யாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஏறியிருந்தாள். டில்லியிலிருந்து யாரோ வருகிறார் என்று சாலையில் சோதனை. கதிரியக்கம் கண்டுபிடிக்கும் புதுக் கருவியோடு வண்டிகளைச் சுற்றிவந்த போலீஸ்காரர் ஒச்சம்மாவை நெருங்கியதும் அது கத்தியது.

"நீச்சே உத்ரோ. காடி மே க்யா ஹை?"

இறங்கினாள். வண்டியில் ஒன்றும் இல்லை. கருவி அவளைப் பார்த்துத்தான் கத்தியது. சப்-இன்ஸ்பெக்டர் சந்திரசேகர் வந்தார்.

"உடம்புல என்னம்மா வச்சிருக்க?"

"தனியா சொல்றேன் சார். அந்தப் பக்கம் வாங்க."

"இங்கயே சொல்லு. பின்னாடி எவ்ளோ வண்டி நிக்குது பாரு. இல்லன்னா தாணாவுக்கு நட."

ஒச்சம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "கேன்சர் சார். மருந்து குடுத்தாங்க. அதான் கத்துது."

"இத முதல்லயே சொல்ல வேண்டியதுதானே. சலோ, போ."

அதற்குள் ருக்கு மகளைக் கைப்பிடித்து இறக்கிவிட்டிருந்தாள்.

"வயித்துப்புள்ளக்காரின்னு தெரிஞ்சுமா ஏத்துனீங்க அக்கா?"

"ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் வண்டிய எடுத்தேன், ருக்கு."

"எங்ககிட்ட கேட்டீங்களா?"

ருக்கு மகளோடு வேறு ஆட்டோ பிடிக்க நடந்தாள்.

சில நாட்களிலேயே அவள் வண்டியில் ஏற ஆள் இல்லாமல் போயிற்று. "கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கக்கா, எங்க சவாரியும் போகுது" என்றார்கள் ஸ்டாண்டில். அவள் நேரே போலீஸ் தாணாவுக்குச் சந்திரசேகரிடம் போனாள்.

"கருவி கத்துனா விசாரிக்கிறது உங்க வேலை. சரி சார். என் நோயை எதுக்கு நடுரோட்டுல சொல்ல வச்சீங்க?"

"நான் யாருகிட்டயும் சொல்லலியேம்மா. நீதானே சொன்ன."

அவள் நகரவில்லை. அவர் நாற்காலியைக் காட்டினார். "கம்ப்ளைண்ட் குடுக்கணும்னா குடு. என்ன நோய், எங்க வைத்தியம், எல்லாம் எழுதணும். மேல நாலு ஆபீசர் படிப்பாங்க."

கேலியாகச் சொல்லவில்லை; நடைமுறையே அதுதான். ஒச்சம்மா உட்காராமல் திரும்பி வந்தாள்.

ஆட்டோவைக் கொடுத்துவிட்டு லோடு வண்டி வாங்கினாள். காய்கறிக் கடைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். இப்போது கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து சிமெண்ட் ஏற்றுகிறாள். அடுத்த முறை சென்னையில் பார்த்தபோது நோய் முழுக்கப் போய்விட்டது என்றார் டாக்டர். ஊரில் அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

திவ்யாவுக்கு நல்லபடியாகப் பெண்குழந்தை பிறந்தது. பெயர் வைத்த அன்று ருக்கு லட்டுப் பொட்டலத்தை மதில்மேல் வைத்துவிட்டு, "அக்கா, எடுத்துக்கோங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். ஒச்சம்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் காக்கைகள் அதைப் பிரித்துத் தின்று முடித்தன.