வண்டிக்குக் கடல் காட்டியது

எங்கள் வீட்டில் புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் கடலுக்குக் காட்டாமல் புழங்கவிட மாட்டார்கள். படகுக்காக ஏற்பட்ட வழக்கம் அது. புதுப் படகுக்குக் கற்பூரம் காட்டித் தண்ணீரில் இறக்கி, மூன்று அலை வாங்கிய பிறகுதான் வலையை ஏற்றுவார்கள். எப்படியோ அது படகிலிருந்து மற்ற பொருள்களுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. அத்தை தையல் மெஷின் வாங்கியபோது ஒரு சொம்பு கடல்தண்ணீரை அதன் தலையில் தெளித்தார்கள். சித்தப்பாவின் சைக்கிளை அலையில் உருட்டிக்கொண்டு போய் முக்கியே எடுத்தார்கள். ஒரு மாதத்தில் செயின் துருப்பிடித்து இற்று விழுந்தது. சைக்கிள் விற்ற கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஊரே திட்டியது. கடலை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் காரியங்களையெல்லாம் முன்னின்று நடத்துபவர் பெரியப்பா. திருவொற்றியூர்க் கரையில், காலடிப்பேட்டைக்குக் கிழக்கே இருந்த எங்கள் குப்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவருக்கும், நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பாவுக்கும் சேர்ந்தாற்போல ஒரே ஒரு படகு. அதில் வரும் மீன் இரண்டு குடும்பத்துக்கும் பற்றாது என்று தெரிந்துபோன பிறகுதான் நைனா வண்டி வாங்குவதாகச் சொன்னார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்தன.

நைனாவின் கணக்கு எளிமையானது. எங்கள் குப்பத்து மீனும் எண்ணூர் முகத்துவாரத்து இறாலும் யார் யாருடைய வண்டியிலோ மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அதை நாமே ஏற்றிப்போனால் என்ன? இடையில் கொஞ்ச காலம் ஐஸ் கம்பெனி வண்டி ஓட்டியதில் அவரிடம் லைசென்ஸும் இருந்தது. ஆனால் எந்த வண்டியை வாங்குவது என்பதில்தான் சிக்கல். காலையில் தார் ரோட்டில் ராயபுரம் வரை ஓட வேண்டும். மற்ற நேரத்தில் மணலில் இறங்கிப் படகு வரைக்கும் போக வேண்டும், எண்ணூர்ச் சேற்றிலும் சிக்காமல் வர வேண்டும். அதோடு விலையும் எங்கள் கைக்கு எட்ட வேண்டும். சேர்த்துவைத்தது போதாமல் அம்மாவின் கம்மலும் வளையலும் அடகுக்குப் போயிருந்தன.

அம்மா மீன் விற்பவள். தினமும் விடிகாலையில் கூடையோடு ராயபுரம் மார்க்கெட்டுக்குப் போவாள். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். மீன்கூடைப் பெண்கள் நிற்பதைப் பார்த்ததுமே கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்துவிடுவார், பஸ் நிற்காமல் போய்விடும். அதனால் நாலைந்து பெண்களாகச் சேர்ந்து லோடு ஆட்டோ பிடிப்பார்கள். பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் லீவு விட்டபோது நானும் ஒருமுறை அப்படிப் போனேன். குலுக்கலும், மேலே தெறிக்கும் மீன்தண்ணீரும் எனக்கு ஒரே குஷியாக இருந்தன. அம்மா வழி நெடுக முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். காற்றுக்காக என்று நினைத்தேன்.

வண்டி பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்புவோம். தண்டையார்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாய் கூட வருவார். நைனாவும் அவரும் ஐஸ் கம்பெனிக் காலத்துத் தோஸ்துகள். தன் நகை போகிறதே என்று அம்மாவும் வருவாள். வீட்டில் விட்டுவிட்டுப் போனால் ரகளை செய்வேன் என்பதால் என்னையும் கூட்டிப்போவார்கள்.

முதலில் பார்த்தது மூன்று சக்கர லோடு ஆட்டோ. விலை மலிவு, டீசலும் அதிகம் குடிக்காது. ஆனால் அதன் முன்சக்கரத்தைப் பார்த்ததுமே நைனா உதட்டைப் பிதுக்கிவிட்டார். மணலில் அது மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிடுமாம். அம்மா அதன் பக்கமே வரவில்லை.

அடுத்து மூலக்கொத்தளத்தில் ஒரு சின்ன வேன். பழையதுதான், ஆனால் ஷோக்காக வைத்திருந்தார்கள். முன்னால் மெத்தென்று நீள சீட்டு, இரண்டு பக்கமும் கண்ணாடி. ஆண்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள். பிறகு முழுதாக ஏற்றிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

“இத்தே நல்லாத்தான் கீது,” என்றாள் இறங்கியதும்.

“நல்லாத்தான் கீது. மணல்ல எறக்கினா பத்தடி போவாதுமே,” என்றார் நைனா. “வயிறு தரையத் தொடுது பாரு.”

அது உண்மைதான். பாயும் ஆமாம் என்றார். எங்கள் நைனாவுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா, வாங்கப்போகும் வண்டியில் முன்னால் உட்கார்ந்து போகலாமா என்று மட்டும் கேட்டாள். எந்த வண்டியாக இருந்தாலும் முன்சீட்டு அவளுக்குத்தான், தினமும் ராயபுரத்தில் கொண்டுபோய் மகாராணி மாதிரி இறக்கிவிடுவதாக நைனா வாக்குக் கொடுத்தார்.

கடைசியில் மணலி புதுநகரில் எங்கள் வண்டி கிடைத்தது. ஒரு காண்டிராக்டர் வைத்திருந்த பழைய ஜீப். பின்பக்கம் லோடு ஏற்றும்படி தொட்டி கட்டியிருந்தார்கள். உயரமாக நிற்கும். கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி கியர். அதைப் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கதவு கிடையாது, இரண்டு பக்கமும் தார்ப்பாய்த் துணிதான். முன்சீட்டு கிழிந்திருந்தது. பாய் எஞ்சினைக் கழற்றாத குறையாகப் பார்த்துவிட்டு, தைரியமாக வாங்கலாம் என்றார். டீசல் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும் என்றார்.

“உப்புக்காத்துல நிக்கட்டும் தோஸ்து, பேஜார் இல்ல. உப்புத்தண்ணில மட்டும் எறக்காத,” என்று சொல்லித்தான் சாவியை வாங்கிக் கொடுத்தார்.

நைனா பெரிதாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடமும் அதைச் சொன்னார். பெரியப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கடல் காட்டாத சாமான் ஒன்றாவது இந்த வீட்டில் உண்டா, தண்டையார்பேட்டைக்காரன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கடலம்மாவைப் பகைத்துக்கொள்வாயா என்று சத்தம் போட்டார். படகை விட்டுத் தம்பி கரையேறுகிறான் என்ற வருத்தமும் அந்தச் சத்தத்தில் இருந்திருக்கும். கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சக்கரம் நனைந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை காலை. வண்டிக்கு மஞ்சள் பூசி, சாமந்தி மாலை போட்டிருந்தது. அம்மா கிழிந்த சீட்டின் மேல் தன் பழைய சேலை ஒன்றை நாலாக மடித்துப் போட்டிருந்தாள். பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு அவள் முன்னால் ஏறினாள். நானும் ஏறுவேன் என்று அழுதேன், விடவில்லை. நாலு சக்கரமும் எலுமிச்சம்பழத்தை நசுக்க, வண்டி கிளம்பியது.

மணலில் அது போன அழகை என்னவென்று சொல்வது! குட்டி கியரைப் போட்டதும் தார் ரோட்டில் போவதுபோலப் போயிற்று. குப்பமே விசில் அடித்தது. நைனாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் லேசாக அசைத்தாள்.

ஈர மணலுக்கு வந்ததும் நைனா நிறுத்தினார். முதல் அலை டயரை நனைத்துவிட்டுப் போனது.

“இன்னும் கொஞ்சம் எறக்குடா! மூணு அலை வாங்கணும்!” என்று பெரியப்பா கத்தினார்.

வண்டி ஓட்டிப் பழகிய வேறு எவனாக இருந்தாலும் ஓரமாகவே ஓட்டித் திருப்பிக்கொண்டு வந்திருப்பான். நைனா சின்ன வயதிலிருந்து படகில் வளர்ந்தவர். அலை வந்தால் படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்ப வேண்டும், பக்கவாட்டில் வாங்கினால் கவிழ்ந்துவிடும். அது அவர் கையிலேயே ஊறியிருந்தது. வண்டியின் மூக்கைக் கடலுக்கு நேராகத் திருப்பி, கொஞ்சம் முன்னால் இறக்கி நிறுத்தினார். இரண்டாவது அலை திரும்பிப் போகும்போது சக்கரத்தின் கீழிருந்த மணலையும் இழுத்துக்கொண்டு போனது. வண்டி முன்பக்கமாக உட்கார்ந்தது. படகாக இருந்தால் மூன்றாவது அலைக்குத் தூக்கிக்கொடுத்திருக்கும். வண்டி தூக்கவில்லை. அலை எஞ்சின் மூடியின்மேல் ஏறி, மாலையைப் பிய்த்துக்கொண்டு போனது. எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது.

நைனா சாவியைத் திருகினார். திரும்பத் திரும்பத் திருகினார். வேண்டாம் என்று சொல்லப் பாய் அங்கே இல்லை.

படகு இழுக்கும் கயிற்றைக் கட்டி, கரைவலை இழுப்பதுபோலக் குப்பமே சேர்ந்து இழுத்தது. எல்லோரும் அம்மாவை இறங்கச் சொன்னார்கள். முழங்கால் வரை தண்ணீர் ஏறியும் அவள் இறங்கவில்லை. பயத்தில் உறைந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள், நானும் அப்படியே நம்பினேன். வண்டி காய்ந்த மணலுக்கு வந்த பிறகு, மடித்துப் போட்டிருந்த சேலையை எடுத்துப் பிழிந்துகொண்டு இறங்கினாள்.

மறுநாள் பாய் வந்து எஞ்சினைத் திறந்தார். உள்ளே ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்ததும் தொடாமல் விட்டிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்ததில் உள்ளே ராடெல்லாம் வளைந்துபோய்விட்டது என்றார். அவர் யாரையும் திட்டவில்லை. டீ குடிக்காமல் போய்விட்டார். அந்த எஞ்சினைச் சரிசெய்வதற்கு இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம். இன்னொரு வண்டிக்கு எங்களிடம் கம்மல் இல்லை.

நைனா பழையபடி படகுக்கே திரும்பினார். விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று பெரியப்பா ஒருநாள் ஆரம்பித்தார், யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திவிட்டார். சக்கரம் நனைந்தால் போதும் என்று சொன்ன அந்த இரண்டு பேரில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

பழைய இரும்புக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போகும்வரை வண்டி எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே நின்றிருந்தது. நைனா அதைப் பார்க்க வேண்டாமென்று பின்பக்கமாகச் சுற்றிப் போவார். அம்மா அப்படியில்லை. வியாபாரம் முடிந்து, லோடு ஆட்டோவிலிருந்து இறங்கி வந்ததும் கூடையைக் கீழே வைப்பாள். முந்தானையால் சீட்டைத் துடைத்துவிட்டு முன்னால் ஏறி உட்காருவாள். சும்மா நேரே பார்த்துக்கொண்டு இருப்பாள்.

ஒருநாள் நான் ஓடிப்போய் டிரைவர் பக்கம் ஏறினேன். ஸ்டியரிங்கைப் பிடித்து, வாயாலேயே எஞ்சின் சத்தம் கொடுத்து, “எங்கம்மா போவணும்?” என்று கேட்டேன்.

“ராயபுரம் போ,” என்றாள்.

நான் கியரைப் போட்டேன். குட்டி கியரையும் போட்டேன். டோல்கேட் வந்துவிட்டது, தண்டையார்பேட்டை வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அம்மா தலையாட்டிக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாப் வருகிறது, ஆள் ஏற்றிக்கொள்ளலாமா என்றேன்.

“நிறுத்தாத. அவங்க பாக்கட்டும், நீ மெதுவா போ,” என்றாள்.

தோளில் வலையோடு வந்த நைனா பக்கத்திலேயே நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வாங்க நைனா, இடம் இருக்கிறது என்று கூப்பிட்டேன். அவர் திரும்பி, வந்த வழியே கடற்கரைப் பக்கம் போய்விட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா முதல் தடவையாக என்னோடு விளையாடுகிறாள் என்று எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.