குக்கருக்கு வந்த குணம்

ரிட்டயரான பஸ் கண்டக்டருக்குத் தெருவில் குக்கர் என்று பேர். எப்போது விசில் அடிப்பார் என்று அவருக்கே தெரியாது. போன வருஷம், துண்டு காயவில்லை என்று வீடு அதிரக் கத்தினார். மனைவி அந்த ஈரத்துண்டை அவர் தோளிலேயே போட்டுவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "குணம் மாறட்டும், வர்றேன்."

மைத்துனன் வழி சொன்னான். "நாலு பேருக்கு உதவி பண்ணுங்க மாமா. மனசு தன்னால பஞ்சாயிடும்."

குக்கர் பெரியாஸ்பத்திரியில் போய் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பேனாவைப் பிடித்ததும் குரலில் தேன் வடிந்தது. "உக்காருங்கம்மா, அவசரமே இல்ல. எங்க வலிக்குது?" தங்கமான மனுஷன் என்றாள் நர்சம்மா. மூன்றே மாதத்தில் குக்கரும் அதை நம்பிவிட்டார். வீட்டுக்குப் போனால் மட்டும், திட்ட ஆளில்லாமல் மின்விசிறியைத் திட்டுவார்.

ஒரு நாள் வரிசையில் அடுத்து வந்த அம்மாளிடம், தலை நிமிராமலே, "தண்ணி குடிச்சீங்களா? பேரு சொல்லுங்கம்மா" என்றார். பேனா காத்திருந்தது. நிமிர்ந்தார். முழங்கால் வலியோடு சொந்த மனைவி.

"கேட்டா வாயத் தொறந்து சொல்லத் தெரியாது? பின்னாடி எத்தன பேரு நிக்கிறாங்க!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவள் அசரவில்லை.

"மொதல்ல பேசினாரே, அவரு யாருங்க? முப்பது வருஷத்துல நான் பார்த்ததே இல்ல. அவர வரச் சொல்லுங்க, வீட்டுக்கு வர்றேன்."

சாயங்காலம் மகள் வீட்டுப் படிக்கட்டில் நின்று, கெஞ்சிப் பேச நாலு தரம் ஒத்திகை பார்த்தார். நாலு தரமும் விசில்தான் வந்தது. கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

"பேரு சொல்லுங்கம்மா."

சொன்னாள்.

"வயசு?"

"உங்ககூட குப்ப கொட்டின முப்பதக் கழிச்சா, இருவத்தி நாலு."

மூக்கு விடைத்தது. பேனாவை இறுக்கிப் பிடித்து, இருபத்தி நாலு என்றே எழுதினார்.

"என்ன கஷ்டம் உங்களுக்கு?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுதுங்க. கல்யாணமான மொத மாசத்துலேர்ந்து சொல்றேன்."

சீட்டின் மறுபக்கமும் நிரம்பியது. மகளிடம் நோட்டு கேட்டு வாங்கினார். பேனாவில் மை தீர்ந்தது, அவளுக்குத் தீரவில்லை.

மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். மனுஷன் மாறிவிட்டார் என்று மைத்துனன் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறான். அவன் அக்காவோ, துண்டு காயாத நாளில் முதல் காரியமாக அவர் கையில் பேனாவைத் திணித்துவிடுகிறாள்.