ஈர வேட்டிப் பரீட்சை

ஐந்தருவியில் ஊரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க, பலவேசம் அண்ணாச்சி மட்டும் குளித்துவிட்டு வருகிறவர்களின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்தா, கண்ணாடி போட்ட சாரு பிழியுதாரு பாரும், துண்டுக்கு நோவுமோன்னு பயந்துக்கிட்டு! இங்கன இந்தத் தடியன் என்னமா முறுக்குதான்! இவன் கையில ஒரு மட்டையக் குடுக்கணும்வே."

தென்காசியில் துணிக்கடை வைத்திருக்கிறார். கடையில் உட்காருவதைவிடப் பூப்பந்து மைதானத்தில் நிற்பதுதான் அதிகம். அந்த மஞ்சள் நூல்பந்தின் சூட்சுமம் முழுக்க மணிக்கட்டில் இருக்கிறது என்பது அவர் கட்சி. அதனால் ஆட்டக்காரனைச் சோதிக்க அருவிக்குக் கூட்டிப்போய், குளிக்கவிட்டு, வேட்டியைப் பிழியச் சொல்வார். "பேரு ஆடாதுலே, கைதான் ஆடும்" என்பார்.

அறுபத்திரண்டாம் வருஷச் சீசனில் அந்தச் சோதனை அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அகில இந்தியப் போட்டிக்குப் போகிற சென்னை மாநில அணிக்கு நம் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வேண்டும். யாரென்று, ஜில்லாவுக்கு ஆள் பொறுக்குகிற அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும். ஆளுக்கா பஞ்சம்? குத்தாலிங்கம் இருக்கிறான். அவன் ஆடுகிறான் என்றால் பாவூர்சத்திரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட மூட்டையை இறக்கிவைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். ஆனால் போன மாதம் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு பிசகிப்போனது. அவனை விட்டால் ஆதம். பாவம், வருஷக்கணக்காக மாற்று ஆளாகவே பெஞ்சைத் தேய்த்தவன். இதில் இன்னொரு கூத்து, குத்தாலிங்கம் அண்ணாச்சியின் சொந்த மருமகன்.

"ஒத்தக் கையால ஆடினாலும் அவருதான் ஜெயிப்பாரு" என்றது ஒரு கோஷ்டி. "மருமவனத்தான் அனுப்புவாரு, பாத்துக்கிட்டே இரும்" என்றது இன்னொன்று. மகள் மங்களேஸ்வரி சுற்றி வளைக்கவில்லை. "எப்பா, அவுகளுக்கு வயசு முப்பதாவுது. இத விட்டா வேற சான்ஸ் கிடையாது. ஆதமுக்கு இன்னும் காலம் கெடக்கு" என்றாள்.

"காயம்னு கேட்டதும் தள்ளுததும் தப்பு, பேரக் கேட்டதும் சேக்கதும் தப்பு. ரெண்டு பேரும் குளிக்க வரட்டும்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

நியாயத்துக்குக் குறை வரக்கூடாதென்று கடையிலிருந்து ஒரே தரத்தில் இரண்டு எட்டு முழ வேட்டிகளை எடுத்துப் போனார். சாரலோடு கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஆதம் பிழிந்து உதறினான். குத்தாலிங்கமும் பிழிந்தான், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. தண்ணீர் கொட்டியது. கூட்டம் கைதட்டியது. அண்ணாச்சிக்கே ஒரு நிமிஷம் அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் ஆதமின் வேட்டியை வாங்கி முறுக்கிப் பார்த்தார். சொட்டு விழவில்லை. மருமகனின் வேட்டியை முறுக்கினார். அரைச் செம்புத் தண்ணீர் இறங்கியது.

"மாப்ளே, நோவுதோ?"

"நோவுது மாமா." சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் கலங்கிவிட்டது. ஆதமின் முதுகில் இடது கையால் ஓங்கி ஒன்று வைத்தான். "போயி அடிச்சுட்டு வாலே. என் மட்டையக் கொண்டு போ."

மகளும் மருமகனும் அடுத்த வீடுதான். அன்றைக்கு அங்கிருந்து குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. மறுநாளும் அதே கதை. ஊருக்கு நியாயம் சொன்ன மனுஷர் தன் வீட்டு முற்றத்தில் திருதிருவென்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கடுத்த நாள் காலை மங்களேஸ்வரி வந்தாள். கையில் புருஷனின் வேட்டி, சொட்டச் சொட்ட. அதை அப்பாவின் மடியில் தொப்பென்று போட்டாள்.

"அவுகளுக்குக் கை நோவுதுல்லா? நீங்களே பிழிங்க."

அண்ணாச்சி எழுந்து முறுக்கினார். உதறிக் கொடியில் போடப் போனவர் மகளின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு வேட்டியைக் கையில் சுருட்டி, இன்னொரு தடவை முறுக்கினார்.